மரக்கறியில் தங்கும் பூச்சிநாசினி

மரக்கறியில் தங்கிய பூச்சிநாசினிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தீங்கான உணவை விற்பதைத் தடைசெய்கின்றது. ஆயினும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரியெடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பி முடிவு கிடைக்குமுன்னரே, அந்தப் போஞ்சியும் கறிமிளகாயும் சமைத்து உண்ணப்பட்டுவிடும். தம்புள்ளைச் சந்தையிற் பல தோட்டத்து மூட்டைகள் கலந்தபின், எவர் தோட்டத்துக் காய் என அறிவதும் அரிது. மொனோகுரோட்டோபொசு போன்ற கொடிய நஞ்சுகள் 1995இல் விலக்கப்பட்டன. எனினும், அனுமதிபெற்ற மருந்தும் காலந்தவறினால் தீங்கே.

கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாட்கள் விடவேண்டுமென்பது போத்தலின் சுட்டுத்துண்டில் உண்டு. அது மருந்துக்கு மருந்து வேறுபடும். விலை ஏறிய வாரத்தில் முந்திப் பறிக்க மனம் இழுப்பது இயல்பே. கத்தரி, பயற்றை முதலியவற்றை அடிக்கடி பறிப்பதால் இத்தவறு எளிதில் நேரும். ஆகவே, காய்க்கத் தொடங்கியபின் காத்திருப்பு நாட்கள் குறைந்த மருந்தையே விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து தெளித்தல் வேண்டும். நெல்லுக்கு வாங்கி எஞ்சிய மருந்தை மரக்கறிக்கு அடித்தலாகாது. பயிரினுள் ஊடுருவும் மருந்து கழுவுவதால் நீங்காது. தெளித்த திகதியையும் மருந்தின் பெயரையும் ஒரு கொப்பியிற் குறித்துவைக்க.