கொண்டையைப் பார்த்து மாப்பிள்ளை தேடும் கோழி

எங்கள் பள்ளிக்குப் பின்புறம் செம்பனைக் காடு. விடிந்ததும் காட்டுக்கோழிகள் அங்கிருந்து வந்து குப்பையைக் கிளறும். சேவலுக்குப் பொன்னும் செம்பும் கலந்த கழுத்து இறகு, பச்சை மின்னும் வால், தலையில் சிவந்த கொண்டை. பின்னால் வரும் பெட்டையோ சருகு நிறம். அதற்குக் கொண்டை இருக்கிறதா என்று உற்றுத்தான் பார்க்க வேண்டும்.

"ஐயா, ஆம்பளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு அலங்காரம்?" என்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். நம் வீட்டுக் கல்யாணங்களில் நகையெல்லாம் பெண்ணுக்கு. இங்கே தலைகீழாக இருக்கிறதே என்பது அவள் குழப்பம்.

பெட்டை தரையில் அடைகாக்கிறது. பளிச்சென்று இருந்தால் மூசாங்கும் பாம்பும் கண்டுகொள்ளும். ஆனால் அந்தப் பகட்டு சேவலையும் காட்டிக் கொடுக்குமே! பிறகு எதற்கு அது?

1871-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் இதற்கு ஒரு விடை சொன்னார். பெட்டைகள் தலைமுறை தலைமுறையாக அழகான சேவல்களையே தேர்ந்துகொண்டதால்தான் அந்த அழகு வளர்ந்தது என்றார். பறவைக்கு இவ்வளவு ரசனையா என்று அக்காலத்து அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை.

பெட்டைக்கு அதனால் என்ன லாபம்? அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அதன் பாடு. தகப்பன் வழியாகக் குஞ்சுக்கு வருவது உடம்பு வாகு ஒன்றுதான். ஆகவே நோஞ்சான் சேவலைத் தேர்ந்துவிட்டால் நஷ்டம் பெட்டைக்கும் அதன் குஞ்சுகளுக்கும்தான்.

இதை அமெரிக்காவில், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மார்லீன் ஸுக் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் நம் பக்கத்துச் செங்காட்டுக்கோழியையே வளர்த்தார்கள். உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் பாட்டன் இந்த இனந்தான். குஞ்சுகளில் ஒரு பகுதிக்கு வயிற்றில் புழு ஏறும்படி செய்தார்கள். வளர்ந்தபோது, புழு ஏறிய சேவல்களின் கொண்டை சிறுத்து மங்கியிருந்தது. கண்ணிலும் ஒளி குறைவு. பிறகு இருவகைச் சேவல்களையும் காட்டிப் பெட்டைகளைத் தேர்ந்துகொள்ள விட்டார்கள். புழுவுள்ள சேவலை நாடிய ஒவ்வொரு பெட்டைக்கும், புழுவற்றதை நாடியவை இரண்டு! 1990-இல் இது வெளியாயிற்று.

பெட்டைகள் பார்த்தது முக்கியமாகக் கொண்டையையும் கண்ணையுமாம். பளபளக்கும் இறகுகளை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. யோசித்தால் நியாயந்தான். இறகு ஒரு முறை முளைத்தால் அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். அது பழைய கதை. கொண்டையோ இரத்தம் ஓடும் சதை. உடம்பு சுணங்கினால் சீக்கிரம் வெளுத்துச் சுருங்கிவிடும். அதில் பொய் சொல்வது கடினம்.

என் தாயார் பசாரில் கோழி வாங்கும்போது முதலில் கொண்டையைத்தான் பார்ப்பார். வெளுத்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் தொடமாட்டார். அந்த விஞ்ஞானிகள் கூண்டு வைத்துக் கண்டுபிடித்ததில் பாதி அவருக்குத் தெரிந்திருந்தது!

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். மறுநாள் அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுச் சேவல் கொண்டை கொஞ்ச நாளா வெளுத்துக் கிடக்கு. பெட்டையெல்லாம் பக்கத்து லயத்துச் சேவல்கிட்டப் போயிடுது!"

அப்பாவிடம் சொல்லிக் கோழிக்குப் புழு மருந்து வாங்கச் சொன்னேன்.