சுற்றுலா போகிறீர்களா? நுழைவுக் கட்டணம் பற்றித் தெரிந்துகொள்வோம்



சம்பா நடவு முடிந்து, களையும் எடுத்தாகிவிட்டால் அறுவடை வரைக்கும் கொஞ்சம் கை ஓய்கிற நாட்கள். நம் குழுக் கூட்டங்களில் "எங்கயாவது ஒரு நாள் போயிட்டு வருவோமே" என்ற பேச்சு அப்போதுதான் எழும். வேனுக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா வாங்குவதா என்று எல்லாம் கணக்குப் போடுவோம். நுழைவுக் கட்டணத்தை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அங்கே போய் இறங்கிய பிறகுதான் ஆளுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, கேமராவுக்கு இவ்வளவு என்று தெரியவரும். "நீங்க பாத்துட்டு வாங்க, நான் பைகளைப் பாத்துக்கிறேன்" என்று சிலர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்காருகிறவர்கள் யார் என்று நாங்கள் பல பயணங்களில் கவனித்திருக்கிறோம். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த உறுப்பினர்கள், கணவர் இல்லாத உறுப்பினர்கள், வயதான அம்மாக்கள். அவர்களுக்குப் பை மேல் அக்கறை இல்லை, கையில் காசு இல்லை. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

ஒரு தொகுப்புக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரைக்குப் போறோம், காப்பரிசி வச்சுக் கும்பிடறோம், புளிசாதம் சாப்பிட்டு வர்றோம். யாரும் காசு கேக்கல. பூங்காவும் அரசாங்க இடம்தானே, அங்க மட்டும் எதுக்குக் காசு?"

நியாயமான கேள்வி. ஆறும் கரையும் பொது. பூங்கா என்றால் தோட்டக்காரர், காவலாளி, தண்ணீர், கழிப்பறை, விளக்கு என்று தினமும் செலவு இருக்கிறது. வரிப்பணத்தில் கொஞ்சம், வருகிறவர்களிடம் கொஞ்சம் என்று அந்தச் செலவை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். கட்டணத்தை அதிகம் வைத்தால் நம்மைப் போன்றவர்கள் வர முடியாது. வைக்காவிட்டால் கழிப்பறை நாறும் என்பது அவர்கள் வாதம். கட்டணம் வாங்கியும் நாறுகிற கழிப்பறைகளையும் நாம் பார்த்திருக்கிறோம், அது வேறு கதை!

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இடம் யாருடையது என்பது. கட்டணத்தை முடிவு செய்பவர் அவர்தான். புகார் சொல்ல வேண்டியதும் அவரிடம்தான்.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள சிவகங்கைப் பூங்கா உள்ளாட்சி அமைப்பின் பூங்கா. நகராட்சி 1871-72இல் மக்களுக்காக அமைத்தது. தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சி ஆனதால் இன்று மாநகராட்சிப் பொறுப்பில் இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி வேலைக்காகப் பல வருடம் மூடிக் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். இப்படிப்பட்ட பூங்காவுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதை மன்றம் தீர்மானம் போட்டு முடிவு செய்யும். திருச்சி பக்கம் முக்கொம்புப் பூங்கா பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவு பராமரித்து வந்த இடம், அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. ஸ்ரீரங்கத்துக்கு அருகே மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வனத்துறையுடையது. 2015இல் திறந்தபோது பெரியவர்களுக்கு 10 ரூபாய், சிறியவர்களுக்கு 5 ரூபாய் என்று வைத்தார்கள். இந்தச் சின்னக் கட்டணங்கள் அவ்வப்போது மாறும். அதனால் போன வருடம் போய்வந்த குழு சொல்வதை நம்பிப் பணம் வசூலிக்காமல், கிளம்புமுன் ஒரு தடவை போன் செய்து கேட்டுவிடுங்கள்.

தஞ்சை அரண்மனைக்குள் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கலைக்கூடம், தர்பார் மண்டபம், சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் என்று உள்ளே பல பகுதிகள் இருக்கின்றன. ஒரு டிக்கெட்டில் எல்லாம் முடிந்துவிடாது. எந்த டிக்கெட் எதற்கு என்று கவுண்டரிலேயே கேட்டு, எதைப் பார்ப்பது என்று குழுவாக முடிவு செய்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்தது தொல்லியல் துறை இடங்கள். பெரிய கோயிலும், தாராசுரமும், கங்கைகொண்ட சோழபுரமும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பெரிய கோயில் 1987இலும், மற்ற இரண்டும் 2004இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின. ஆனால் இவற்றில் இன்றும் பூசை நடக்கிறது, அதனால் நுழைவுக் கட்டணம் கிடையாது. யாராவது உள்ளே போகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாமல்லபுரத்தில் நிலைமை வேறு. அங்கே கட்டணம் உண்டு. மத்திய தொல்லியல் துறை தன் இடங்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. மாமல்லபுரம் போன்ற உலகப் பாரம்பரிய இடங்கள் ஒரு வகை. புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் போன்றவை இன்னொரு வகை. 2016 வரை முதல் வகைக்கு 10 ரூபாய், இரண்டாம் வகைக்கு 5 ரூபாய். 2016இல் அது 30, 15 ஆயிற்று. 2018 ஆகஸ்டில் 40, 25 ஆக்கினார்கள். இது பணமாகக் கொடுத்தால். செல்போன் வழியாகக் கட்டினால் 35, 20. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வயதில் சந்தேகம் வந்தால் காட்டுவதற்கு ஆதார் அட்டையோ பள்ளி அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். (இலங்கையிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் வெளிநாட்டுக் கட்டணம் இல்லை, சார்க் நாட்டினருக்கு நம்முடைய கட்டணம்தான். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.)

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பேர் கொண்ட குழு மாமல்லபுரம் போனால் பணமாக 800 ரூபாய், செல்போனில் 700 ரூபாய். சித்தன்னவாசலுக்கு 500, அதே 400. நூறு ரூபாய் என்பது 20 பேருக்கு டீ வாங்கிக் கொடுக்க ஓரளவு உதவும். நம் குழுவில் யாருடைய மகளாவது கல்லூரியில் படித்தால் அவளை அழைத்துப் போங்கள். இரண்டு நிமிடத்தில் கட்டிக் கொடுத்துவிடுவாள், எப்படிக் கட்டுவது என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டணமே இல்லாத நாட்களும் இருக்கின்றன. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம், நவம்பர் 19 பாரம்பரிய வாரத்தின் முதல் நாள். இந்த நாட்களில் தொல்லியல் துறை இலவச அனுமதி அறிவிப்பது வழக்கம். நமக்கு முக்கியமானது மார்ச் 8. 2020ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று இந்தியா முழுவதும் மத்திய தொல்லியல் துறையின் கட்டண இடங்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். அதற்குப் பின்னும் மகளிர் தினத்துக்கு இலவச அறிவிப்பு வந்திருக்கிறது. அந்தந்த வருடம் அறிவிப்பு வந்த பிறகே உறுதி. மகளிர் தினம் என்றால் மண்டபத்தில் நாற்காலி போட்டு, நாலு பேர் பேசி, பொட்டலம் வாங்கிக்கொண்டு வருவதுதான் என்று ஆகிவிட்டது. அதற்குள் சம்பா அறுவடையும் முடிந்திருக்கும். அன்று ஒரு வேனில் சித்தன்னவாசல் போய் அந்த ஓவியத் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தால் குறைந்தா போய்விடுவோம் என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது வனத்துறை இடங்கள். இவைதான் நம் டெல்டாவில் அதிகம். கோடியக்கரை 1967இல் சரணாலயம் ஆனது. 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். வெளிமானும் பூநாரையும் பார்க்கலாம். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் வடுவூர் ஏரி, திருவாரூர் மாவட்டத்திலேயே உதயமார்த்தாண்டபுரம், இரண்டும் 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024இல் சேர்ந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில்தான் போக வேண்டும், அதற்கு வனத்துறை அனுமதியும் படகுக் கட்டணமும் வேண்டும்.

"ஏரியைப் பாக்கவுமா அனுமதி?" என்று கேட்கலாம். வடுவூர் ஏரிக்கு வரும் தண்ணீர் மேட்டூரில் திறந்து காவிரியில் ஓடிவரும் நம் பாசனத் தண்ணீர்தான். ஏரி நிறைந்தால்தான் பறவை வரும். ஆனால் சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன் 27ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்கிறது. உள்ளே குடியிருப்பவர்களுக்கும், பொதுச் சாலையில் போகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. 28ஆம் பிரிவு, பார்வையிட, படம் எடுக்க, ஆராய்ச்சி செய்யக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுக்கலாம் என்கிறது. கோடியக்கரையில் ஆளுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வருவதற்குக் காரணம் இதுதான்.

இரவு தங்க நினைக்கிறவர்கள் கவனிக்கவும். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டதால் தங்கலாம் என்று பொருள் இல்லை. அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களில்கூட உள்ளே போக ஒரு கட்டணம், கூடாரம் போட்டுத் தங்க இன்னொரு கட்டணம் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் சரணாலயத்துக்குள் சொந்தமாகக் கூடாரம் அடிக்கவோ, அடுப்பு மூட்டிச் சமைக்கவோ முடியாது. கோடியக்கரையில் பூநாரை இல்லம் என்ற வனத்துறை ஓய்வு விடுதி இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே பதிவு செய்து வாடகை கட்ட வேண்டும், அந்த வாடகை நுழைவுக் கட்டணத்தில் சேராது.

மலைக்காடு என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் மகளிர் தினத்தை ஒட்டி மலையேறப் போன பெண்கள் பலர். அதன் பிறகு அதே வருடம் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024இல் 40 வழித்தடங்களை அறிவித்து, இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகும்படி ஏற்பாடு செய்தார்கள். யாரோ தெரிந்தவர் கூட்டிப் போகிறார் என்று குறைந்த காசில் காட்டுக்குள் போகாதீர்கள்.

கட்டிய காசு எங்கே போகிறது? மாநகராட்சிப் பூங்கா என்றால் மாநகராட்சி நிதிக்கு. தொல்லியல் துறை டிக்கெட் என்றால் மத்திய அரசின் கஜானாவுக்கு. முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களில் மட்டும் 2006ஆம் ஆண்டு சட்டத் திருத்தப்படி அந்தக் காப்பகத்தின் அறக்கட்டளைக்கே போகிறது, அங்கேயே செலவாகிறது. இது நல்ல ஏற்பாடு, மற்ற இடங்களுக்கும் வந்தால் நல்லது. இன்னொன்று, சரணாலயம், அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம் ஆகியவற்றின் நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. டிக்கெட் விலைக்கு மேல் வரி என்று யாராவது சேர்த்துக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

பிரச்சினை பெரும்பாலும் டிக்கெட் கவுண்டரில் வருவதில்லை, வண்டி நிறுத்தும் இடத்தில்தான் வருகிறது. பல ஊர்களில் வாகன நிறுத்தத்தைப் பொது ஏலத்தில் குத்தகைக்கு விடுகிறார்கள். ஒரு சுற்றுலாத் தலத்தில் நம் குழு ஒன்றின் வேனுக்குப் பலகையில் எழுதியதைப் போல் இரண்டு மடங்கு கேட்டார்கள். ஓட்டுநர் கொடுத்துவிடலாம் என்றார். குழுவின் பிரதிநிதி இறங்கிப் போய்ப் பலகையைக் காட்டி, "இதுல இருக்கறதக் கேளுங்கண்ணே, குடுக்கிறோம். மேல கேட்டா அதுக்கும் ரசீது போட்டுக் குடுங்க, நாங்க கணக்கு எழுதணும்" என்றார். ரசீது என்றதும் பேச்சு மாறியது. பலகையில் இருந்ததைத்தான் வாங்கினார்கள்.

பலகையே இல்லாவிட்டால்? 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த ஊர் நகராட்சி அல்லது பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். வேனுக்கு, காருக்கு, இருசக்கர வண்டிக்கு அனுமதித்த கட்டணம் எவ்வளவு, குத்தகை எவ்வளவு நாளைக்கு, தீர்மானத்தின் நகல் வேண்டும், இவ்வளவு கேட்டால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அந்தச் சான்றின் நகலை வைத்தால் 10 ரூபாயும் வேண்டாம்.

குழுப் பணத்தில் கட்டணம் கட்டினால் எல்லா டிக்கெட்டையும் ஒரு தாளில் ஒட்டி வவுச்சராக வையுங்கள், ரொக்கப் புத்தகத்தில் அன்றைய தேதியிலேயே எழுதுங்கள். செல்போனில் கட்டியிருந்தால் அந்தச் செய்தியை அச்செடுத்து வைக்கலாம். பயணத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே, நுழைவுக் கட்டணம் அனைவருக்கும் பொதுச் செலவில் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். தனித்தனியாகக் கட்டச் சொல்லும்போதுதான் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கிறார்.

பறவை பார்க்க நினைக்கும் குழுக்கள் டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி முதல் வாரத்தில் வையுங்கள். நவம்பரில் மழையும் புயலும் நம்மை விடாது. 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரைக் காட்டை என்ன செய்தது என்று வேதாரண்யம் பக்கத்து உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் 8 சித்தன்னவாசல் போக விரும்பும் குழுக்கள் பிரதிநிதி மூலம் ஜனவரி மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பெயரும் ஆள் எண்ணிக்கையும் கொடுத்தால், இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரே வண்டி பேசலாம்.