ஜனவரி உறுதி ஏன் தளர்கிறது?

காஞ்சிபுரத்தின் மரபான கோர்வைச் சேலைத் தறிக்கு இருவர் வேண்டும். உடலுக்கும் கரைக்கும் வேறுவேறு ஊடை. ஒரு பக்கக் கரை நாடாவை எறியத் துணையாள் உட்கார்வார். அவர் வந்துவிட்டால் நெசவாளரும் தறியில் இறங்கியே ஆகவேண்டும். இடம், துணை எல்லாம் முன்பே முடிவானவை.

நம் புத்தாண்டு உறுதியிலோ இவை இருப்பதில்லை. ‘இனி உடற்பயிற்சி செய்வேன்’ என்றால், எப்போது, எங்கே என்று மனம் தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். களைத்த மாலையில் அது தோற்கும். ‘காபி குடித்ததும் நடப்பேன்’ என்று முடிச்சுப் போட்டால் காபியே நினைவூட்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டிய உண்மை இது.

2010இல் வெளியான லண்டன் ஆய்வில், பழக்கம் படிய ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒருநாள் தவறியது பழக்கத்தைக் குலைக்கவில்லை. பொங்கலுக்குள் விட்டுப்போனாலும் மறுநாளே தொடருங்கள்.