நோற்க இயலாதவரின் நோன்பு

மதுரை மாநகரில் ரமலான் மாதத்துப் பிற்பகல் வேளைகளில், காஜிமார் தெரு, கோரிப்பாளையம் போன்ற பகுதிகளில் தூக்குவாளியுடன் நோன்புக் கஞ்சிக்காக வரிசையில் நிற்போரைக் காணலாம். பச்சரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்த்துக் காய்ச்சிய அக்கஞ்சியைப் பிற சமயத்தாரும் விரும்பிப் பெற்றுச் செல்வர். இதற்கெனத் தமிழ்நாடு அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்குகிறது. 2020ஆம் ஆண்டில் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது.

நோன்பு நோற்பவரை நாம் அறிவோம். நோற்க இயலாதவரின் நிலை என்ன? படுக்கையில் கிடக்கும் முதியவரும், தீராப் பிணியுடையவரும் இறையருளை இழந்தவர்களா? இவ்வினாவுக்கு இஸ்லாம் அளிக்கும் விடை நாமும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், கடமையாக்கப்பட்டது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 184, 185ஆம் வசனங்கள் இதனைக் கூறுகையிலேயே விலக்குகளையும் கூறுகின்றன. நோயாளியும் பயணியும் விட்ட நாள்களைப் பின்னர் நோற்று ஈடு செய்யலாம். இதற்குக் களா என்று பெயர். முதுமையாலோ தீராத நோயாலோ பின்னரும் நோற்க இயலாதவர், விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். இப்பரிகாரமே ஃபித்யா எனப்படும். பெருநாளுக்கு முன் வழங்கப்படும் ஃபித்ரா என்னும் தருமம் வேறு. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

நபிகள் நாயகத்தின் தோழர் அனஸ் இப்னு மாலிக், முதுமை மேலிட்டு நோன்பு நோற்க முடியாமற் போனபோது, நாளொன்றுக்கு ஓர் ஏழை வீதம் ரொட்டியும் இறைச்சியும் அளித்தார் என்று அவர்களது மரபு கூறுகிறது.

அளவிலும் சிறு வேறுபாடு உண்டு. மதுரைப் பகுதி ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனபி முறையில், ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கோதுமையையோ அதன் விலையையோ கொடுப்பர். கடற்கரை ஊர்களில் பரவலாக உள்ள ஷாபி முறையில், அவ்வூரார் உண்ணும் தானியத்திலேயே, நம் நாட்டில் அரிசியிலேயே, ஒரு முத்து அளவு தருவர். அது 600 முதல் 750 கிராம் வரை எனக் கணக்கிடப்படுகிறது. பிள்ளையின் நலனுக்கு அஞ்சி மட்டும் நோன்பை விட்ட தாய், ஹனபி முறைப்படி பின்னர் நோற்றாற் போதும். ஷாபி முறைப்படி நோற்பதோடு ஃபித்யாவும் தருதல் வேண்டும்.

இங்கே இரண்டு செய்திகள் நம் கருத்தைக் கவருகின்றன. முதலாவது, உடல் நலமுள்ள செல்வர் பணத்தைக் கொடுத்து நோன்பிலிருந்து விடுபட இயலாது. நோன்பை வேண்டுமென்றே கடுமையாக முறித்தவருக்கோ, அறுபது நாள் இடைவிடாது நோற்றல், அதுவும் இயலாதெனில் அறுபது ஏழைகளுக்கு உணவளித்தல் என்னும் பெரும் பரிகாரம் உண்டு. இரண்டாவது, நோற்கவும் வலுவின்றி, கொடுக்கவும் பொருளின்றி இருப்பவர்மீது எச்சுமையும் ஏற்றப்படுவதில்லை. அவர் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினாற் போதும்.

நம் திருச்சபையின் மரபும் இதற்கு அயலானதன்று. எசாயா இறைவாக்கினர் தமது நூலின் 58ஆம் அதிகாரத்தில், பசித்தவருடன் உணவைப் பகிர்தலே இறைவன் விரும்பும் நோன்பு என்று இடித்துரைக்கிறார். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஆர்ல் நகர ஆயராயிருந்த புனித செசாரியுஸ், நோன்பிருக்க வலுவில்லாதவருக்குத் தருமமே போதும் என்றும், தருமமில்லாத நோன்போ போதாது என்றும் தம் மக்களுக்குப் போதித்தார். 1966ஆம் ஆண்டு பெப்ருவரி 17ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட மடலும் தவத்தை அன்புப் பணியோடு இணைத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, சுத்தபோசனத்தை 14 வயது நிறைந்தோருக்கும், ஒருசந்தியை 18 வயது நிறைந்தது முதல் 60ஆம் வயது தொடங்கும் வரைக்கும் கடமையாக்குகிறது. ஆயர் பேரவைகள் இவற்றுக்கு ஈடாக அன்புப் பணிகளையும் பக்தி முயற்சிகளையும் அமைக்கலாம் என்று 1253ஆம் விதி கூறுகிறது. எனினும் தவம் செய்யும் கடமை எவருக்கும் நீங்குவதில்லை என்பதை 1249ஆம் விதி நினைவூட்டுகிறது.

ஆயினும் நம் இல்லங்களில் நடப்பது யாது? நீரிழிவு நோயுற்ற பாட்டி, மருத்துவர் தடுத்தும், "ஐம்பது ஆண்டாக விடாத ஒருசந்தியை இப்போது விடுவேனா?" என்று பட்டினி கிடந்து மயங்கி விழுகிறார். மற்றொரு புறம், உடல் வலுவுள்ள மகனோ, "எனக்கு வேலை மிகுதி" என்று சொல்லி நோன்பையும் விடுகிறான், தருமத்தையும் விடுகிறான். முன்னவர் தம் உயிரைக் காக்கும் கடமையை மறக்கிறார். பின்னவன் ஏழையை மறக்கிறான்.

2025ஆம் ஆண்டில் மார்ச் 2ஆம் நாள் ரமலான் நோன்பும், மார்ச் 5ஆம் நாள் சாம்பல் புதனும் தொடங்கின. ஒரே தெருவில் இரு சமயத்தாரும் ஒருங்கே நோற்றனர். இஸ்லாமியர் இறைவேண்டலையும் தருமத்தையும் நோன்பையும் மதித்துப் போற்றுவதை 1965ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் பாராட்டியிருக்கிறது. நாம் பாராட்டினால் மட்டும் போதாது, கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

ஆகவே வரும் தவக்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒன்று செய்யட்டும். ஒருசந்தி இருப்பவர், தாம் உண்ணாத உணவின் விலையை நாள்தோறும் ஓர் உண்டியலில் இடட்டும். இருக்க இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் பிள்ளைகள், "அம்மா, நீங்கள் மருந்துண்டு சாப்பிடுங்கள், உங்கள் பெயரால் ஓர் ஏழைக்குச் சோறிடுவோம்" என்று ஆறுதல் சொல்லட்டும். அந்த அரிசியை எடுத்து வைக்கும் கை அத்தாயின் கையாகவே இருக்கட்டும். உடல் தளர்ந்தவருக்கும் தவத்தில் பங்குண்டு என்பதை அவர் உணர்வார். பசித்த ஒருவரும் அன்று வயிறார உண்பார்.