ஈரலின் நாடி

பயம் வந்தால் "ஈரக்குலை நடுங்கிற்று" என்று சொல்வது நம்மவர் வழக்கம். அந்த ஈரலையே ஒருவர் வயிற்றிலிருந்து எடுத்து இன்னொருவர் வயிற்றில் வைத்துத் தைத்துவிடலாம் என்று நம் பாட்டனாரிடம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்குத்தான் வைத்தியம் பார்க்கச் சொல்லியிருப்பார்.

1963-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவிலுள்ள டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் இந்தக் காரியத்தில் முதன்முதல் துணிந்து இறங்கினார். நோயாளி மூன்று வயதுக் குழந்தை. இரத்தப் பெருக்கு நிற்கவில்லை. ரண சிகிச்சை மேஜையிலேயே உயிர் பிரிந்தது. 1967-இல்தான் அவரிடம் மாற்று ஈரல் பெற்ற ஒரு குழந்தை ஒரு வருஷத்துக்கு மேல் பிழைத்திருந்தது. நம் தேசத்தில் 1998-இல் டில்லியில் ஒரு தகப்பனார் தம் ஈரலின் ஒரு பகுதியைக் குழந்தைக்கு ஈந்தார். இன்று சென்னையிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

நோயாளி கண் விழித்ததும், வீட்டார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பி விடுகிறார்கள். வைத்தியர்களுடைய கவலையோ அப்போதுதான் ஆரம்பமாகிறது.

காரணம் இதுதான். ஈரலுக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் பெரிய சிரை கொண்டு வருகிறது. மீதியைக் கொண்டு வருவது ஈரல் தமனி என்னும் மெல்லிய குழாய்; அதன் குறுக்களவு சில மில்லிமீட்டர்தான். கால் பங்குதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. மாற்று ஈரலின் பித்தக் குழாய்களுக்கு இந்தத் தமனி ஒன்றே கதி. சொந்த ஈரலாயிருந்தால் அக்கம் பக்கத்துச் சிறு குழாய்கள் ஆபத்துக்கு உதவும். இடம் பெயர்ந்து வந்த ஈரலுக்கோ, அந்தப் பழைய உறவெல்லாம் கத்தியால் அறுபட்டுப் போயிற்று. தைத்த இடத்தில் இரத்தம் உறைந்து தமனி அடைத்துக்கொண்டால், பித்தக் குழாய்கள் அழுகத் தொடங்கும்; ஈரலே பாழாகலாம். பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கும், குழந்தைகளில் எட்டுப் பேருக்கும் ஆரம்ப நாட்களிலேயே இந்த விபத்து நேருகிறது. பொல்லாத சங்கதி என்னவென்றால், ஈரல் வாய்விட்டு அழுவதில்லை. பல சமயங்களில் வலி இல்லை, அடையாளம் ஒன்றுமில்லை. இரத்தப் பரிசோதனை கெடுதலைச் சொல்லும்போது கெடுதல் நடந்து முடிந்திருக்கும்.

இங்கேதான் ஒலி நம் உதவிக்கு வருகிறது. மனிதச் செவிக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் எட்டாது. அல்ட்ராஸவுண்ட் கருவியோ விநாடிக்கு இருபது முதல் ஐம்பது இலட்சம் வரை அதிரும் ஒலியை வயிற்றினுள் அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக வரைகிறது. அதோடு, ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் வெளியிட்ட தத்துவமும் சேர்ந்துகொள்கிறது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்சஸ்தாயியிலும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அவ்வாறே ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதியும் மாறுகிறது. டாப்ளர் நினைத்ததென்னவோ வானத்து இரட்டை நட்சத்திரங்களைப் பற்றி. பயன்படுவது படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு! அந்தச் சுருதி மாற்றம் நம் காதுக்கு எட்டும் அளவிலேயே இருப்பதால், யந்திரம் அதை உரக்கவே ஒலிக்கச் செய்கிறது. சிரையின் ஓசை ஓயாத காற்றுப் போன்றது. தமனியின் ஓசை நாடிக்கு நாடி எழுந்து அடங்குவது.

பல ஆஸ்பத்திரிகளில் முதல் சில நாட்கள் தினந்தோறும் யந்திரத்தைப் படுக்கையருகே தள்ளிக்கொண்டு வந்து கேட்கிறார்கள். நோயாளியை அசைக்க வேண்டியதில்லை; எக்ஸ்ரே கதிரும் இல்லை. திரையில் தமனியின் அலை செங்குத்தாக ஏறி, மெல்லச் சரிந்து, அடுத்த துடிப்பு வரையில் அறாமல் ஓட வேண்டும். மலைபோல் ஏற வேண்டியது மணல்மேடு போலச் சோம்பி எழுந்தால், மேலே எங்கோ குழாய் குறுகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அலையே காணாவிட்டால் ஆபத்து.

ஆனால் அவசரப்படவும் கூடாது. முதல் இரண்டொரு நாள் ஈரல் வீங்கியிருப்பதால், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ஓட்டம் மறைந்து, பிறகு தானே திரும்புவதுண்டு. குடலிலுள்ள வாயுவும், காயத்துக் கட்டும், குறைந்த இரத்த அழுத்தமும் தமனியை ஒளித்து வைக்கக்கூடும். அப்போது நுண்ணிய வாயுக் குமிழிகளை இரத்தத்தில் செலுத்தி மறுபடி பார்ப்பார்கள், அல்லது சி.டி. படம் எடுப்பார்கள். அடைப்பு உறுதியானால், உடனே வயிற்றைத் திறந்தோ, குழாய் செலுத்தியோ வழி திறக்க முயல்வார்கள். காலம் தாழ்ந்துவிட்டால் இன்னொரு ஈரல் தேட வேண்டியதுதான். அது கடையில் கிடைக்கும் சரக்கா?

யந்திரத்தின் விலையைச் சொல்லிப் பெருமைப்படும் விளம்பரங்களை நாம் பார்த்திருக்கிறோம். அதைப் பிடிக்கும் கையைப் பற்றி ஒருவரும் விளம்பரம் செய்வதில்லை. விலா எலும்புகளின் இடுக்கில் அந்த இழையைத் தேடிப் பிடிப்பது யந்திரமல்ல, பழகிய கையே.

வீடு திரும்பிய பிறகும் இந்தப் பரிசோதனை நிற்பதில்லை. மாதங்கள் கழித்துப் பித்தக் குழாய் சுருங்கினால், சுருக்கத்துக்கு மேலே அது பருத்திருப்பது படத்தில் தெரியக்கூடும். உடல் புதிய ஈரலை ஏற்க மறுக்கிறதா என்பதை மட்டும் இந்த ஒலியால் சொல்ல இயலாது. ஈரலில் ஊசி செலுத்தித் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஊசி இரத்தக் குழாயில் படாமல் போகும் வழியைக் காட்டுவதும் இதே கருவிதான்.