விடலையும் மடந்தையும்: பென்னாகரத்து இளையோர் வாழ்வு, 1950–1960

மக்கள் வாழ்நாளைப் பருவந்தோறும் பெயரிட்டு வகுப்பது தமிழ் நூன்மரபு. பாட்டியல் நூல்கள் மகளிர்க்குப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களைக் கூறும். ஆடவர்க்குப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்பனவற்றைக் கூறும். அவற்றுள் மடந்தையும் விடலையும் இன்று வளரிளம் பருவம் என வழங்கும் ஆண்டுகளைத் தழுவி நிற்பன. நூலில் உள்ள இப்பருவம் வாழ்விலும் இருந்ததா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. அதற்குப் பென்னாகரத்தையும் 1950 முதல் 1960 வரையிலான பத்தாண்டையும் எடுத்துக்கொள்வோம்.

அதியமானின் தகடூரை அடுத்த இவ்வூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் நாளில்தான். மேற்கே ஒகேனக்கல்லில் காவிரி வீழ்ந்து பாயினும், இப்பகுதி நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த புன்செய். கேழ்வரகும் சாமையும் விளையும் இத்தகைய நிலத்தில் ஆடு மேய்த்தலும் களையெடுத்தலும் விறகு கொணர்தலும் இளையோர் கைகளைச் சார்ந்தே நடந்தன. ஆதலின் உழவர் குடியில் பருவம் ஆண்டால் அன்றித் தொழிலால் அளக்கப்பட்டது. ஆடு மேய்ப்பவன் சிறுவன். ஏர் பிடிப்பவன் ஆள். இடைப்பட்ட நிலை ஒன்றற்கு ஆங்கு இடமில்லை.

அவ்விடைநிலையைத் தோற்றுவித்தது பள்ளியே. 1953இல் இராசாசி அரசு நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் 3 மணி நேரமே வகுப்பு எனவும், எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பயில்க எனவும் வகுத்தது. கடும் எதிர்ப்பின்பின் 1954இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1953இல் பத்து வயதினனாக இருந்தவன் 1959இல் பதினாறு வயதுக் காளை. அணாவில் கணக்குப் பயின்ற அவனே 1957 ஏப்ரல் முதல் நயாபைசாவில் கணக்கிட்டான். இம்மாற்றங்களின் நடுவே வளர்ந்தது அத்தலைமுறை.

மகளிர் நிலை வேறு. 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய மகளிருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 9 பேரினும் குறைவு. 1949இல் திருத்தப்பட்ட குழந்தை மணத் தடைச்சட்டம் பெண்ணின் மணவயதை 15 என்றும், ஆணின் மணவயதை 18 என்றும் வைத்திருந்தது. மடந்தைப் பருவத்தை 14 முதல் 19 வரை எனக் கொள்ளும் மரபோடு இதனை ஒப்பிடுக. அப்பருவம் தொடங்கிய மறு ஆண்டே மணத்துக்குச் சட்டம் வழிவிட்டது. 1978இல்தான் இவ்வயதுகள் 18, 21 என உயர்ந்தன. ஆகவே விடலைக்குக் கிட்டிய இடைவெளி மடந்தைக்குக் காலந்தாழ்ந்தே கிட்டிற்று என்பது தெளிவு.

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். அகப்பொருள் இலக்கணம் பாலைத் தலைவனுக்கு விடலை, காளை, மீளி என்னும் பெயர்களை உரிமையாக்கும். ஆண்டு விடலை, வலிமை சான்ற இளையோன். இக்காலத்திலோ அச்சொல் பொறுப்பின்மை தோன்ற வழங்குகின்றது. உழைக்கும் ஆளாயிருந்தவன் கற்கும் மாணவனாக, அவன் பெற்ற ஓய்வைக் குறையெனக் கண்ட முதியோர் நோக்கே இப்பொருட்டிரிபுக்கு ஒரு காரணமாதல் கூடும் எனக் கருதுகின்றோம். அந்த ஓய்வு எளிதிற் கிடைத்ததன்று; பள்ளியும் உணவும் சட்டமும் கூடி ஈட்டித் தந்தது. சொல்லின் இழிவு நோக்கி அப்பருவத்தின் அருமையை மறத்தல் பொருந்தாது.