கோழிக் கொட்டகை ஏன் நாறுகிறது?

கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் யூரிக் அமிலம். காய்ந்து கிடந்தால் அவ்வளவாக நாறாது. ஈரம் பட்டதும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். கண்ணை எரிப்பது அதுவே.

ஈரம் ஒழுகும் தண்ணீர்ப் பாத்திரத்திலிருந்து மட்டும் வருவதல்ல, கோழியின் மூச்சிலும் உண்டு. அந்தச் சூடான மூச்சுக்காற்று மேலே எழும். கூரை முகட்டில் திறப்பு வைத்தால் வெளியேறும். பக்கவாட்டுக் கம்பிவலை வழியே புதுக்காற்று நுழையும். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுவதுதான் பெரிய தவறு.

தரையில் நெல் உமி பரப்பி அடிக்கடி கிளறுங்கள். சுண்ணாம்பா? ஈரத்தை உறிஞ்சும்தான், ஆனால் அதன் காரத்தன்மையால் அம்மோனியா முதலில் இன்னும் கூடுதலாகக் கிளம்பும்.

கொட்டகையில் அம்மோனியா இருக்கிறதா என்று நின்றபடி மோந்து பார்க்காதீர்கள். கோழியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள்.